வளர்ந்த பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசு: பயனுள்ள 25 குறிப்புகள்

தீபாவளி, பொங்கல் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது என்பதில் குழப்பமே இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற, கல்யாணமாகித் தனிக்குடித்தனம் நடத்துகிற பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் பெற்றோர் திணறிப்போகிறார்கள். சட்டை எடுத்தால் அளவு சரியில்லை. புடவை எடுத்தால் கட்ட நேரமில்லை. மிக்ஸி வாங்கினால் கல்யாணத்துக்கு வந்ததே இன்னும் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.

அதனால்தான் இப்போது பல வீடுகளில் கிஃப்ட் கார்டு கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு பயணம், ஒரு கச்சேரி, ஒரு பயிற்சி வகுப்பு என்று அனுபவத்தையே பரிசாகத் தருகிறார்கள். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் விவரம் பார்க்காமல் வாங்கினால் கார்டு காலாவதியாகும், டிக்கெட் வீணாகும். வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு எந்த வேலையும் வைக்காத பரிசுதான் நல்ல பரிசு. கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு அளவுகோலை வைத்து எழுதியவை.

முதலில் யோசிக்க வேண்டியவை

1. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாம் இருக்கு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "சாமான் எல்லாம் எங்கே வாங்குறே?", "ரெண்டு நாள் லீவு கிடைச்சா எங்கே போகணும்னு இருக்கு?", "கத்துக்கணும்னு நினைச்சு நேரமில்லாம விட்டது எது?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். முதல் பதிலில் எந்தக் கடை கார்டு என்று தெரியும். அடுத்த இரண்டில் எந்த அனுபவப் பரிசு என்று தெரிந்துவிடும். பண்டிகைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே கேட்டுவிட்டால் அவர்களுக்குச் சந்தேகமும் வராது.

2. வயதைப் பார்க்காதீர்கள், நிலைமையைப் பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்து பெங்களூரிலோ சென்னையிலோ பி.ஜி.யில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு மளிகை, சாப்பாடு, துணிக்கடை கார்டு கைகொடுக்கும். புதுக்குடித்தனம் என்றால் மின்சாதனக் கடை அல்லது வீட்டுச் சாமான் கடை கார்டு. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிற தம்பதிக்கு ஒரு நாள் ஓய்வுதான் பெரிய பரிசு. எல்லாப் பொருளும் இருக்கிற பிள்ளைக்கு அனுபவப் பரிசு.

3. குத்திக்காட்டுகிற மாதிரி எதுவும் வேண்டாம். கேட்காதவருக்கு ஜிம் சந்தா வாங்கிக்கொடுத்தால் "நீ குண்டா இருக்கே" என்று சொன்னதாகத்தான் ஆகும். கல்யாணமாகிக் குழந்தை இல்லாத தம்பதிக்குக் குழந்தைப்பொருள் கடை கார்டு தரவே கூடாது. மருமகளுக்குச் சமையல் வகுப்பு என்பதும் அப்படித்தான். அவளே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்குகிறவர் மனதில் அது வேறு மாதிரி பதிந்துவிடும்.

4. மகன், மகள், மருமகள், மருமகன் நால்வருக்கும் ஒரே தராசு. மகளுக்கு ஐயாயிரம், மருமகளுக்கு இரண்டாயிரம் என்றால் அது எப்படியும் வெளியே தெரியும். கார்டில் தொகை அச்சிட்டே இருக்கும் என்பதால் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஒரு பிள்ளைக்கு நெருக்கடி இருந்து அவனுக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தால், அதைப் பண்டிகைப் பரிசோடு சேர்க்காமல் தனியே உதவியாகச் செய்யுங்கள். பண்டிகையன்று எல்லோர் கையிலும் ஒரே தொகை இருக்கட்டும்.

5. சீர் வேறு, பரிசு வேறு. தலைதீபாவளிக்கு மருமகனுக்கு வைக்கும் துணிமணி, கல்யாணமான மகளுக்கு அனுப்பும் பொங்கல் சீர் ஆகியவற்றுக்கு மாற்றாகக் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை என்று தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு மகளின் புகுந்த வீட்டில் ஒரு மரியாதை உண்டு. முறைக்கு உள்ளதை முறைப்படி செய்துவிட்டு, கார்டைத் தனியாகக் கொடுத்தால் யாருக்கும் மனக்குறை வராது. சீரே வேண்டாம் என்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்திருந்தால் அது வேறு.

6. கையிருப்புக்குள் நில்லுங்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிற பெற்றோர் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கக் கடன் அட்டையைத் தேய்ப்பது எந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம் தராது. மாதம் ஐந்நூறு ரூபாய் தனியே எடுத்துவைத்தால் தீபாவளிக்குள் ஒரு நல்ல தொகை சேர்ந்துவிடும். பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரும் பரிசுக்குப் பிள்ளைகள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கிஃப்ட் கார்டு வாங்கும்போது

7. கடை அவர்கள் ஊரில் இருக்கிறதா? நமக்குப் பிடித்த மதுரைத் துணிக்கடையின் கார்டைப் புனேயில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தால், அவன் ஊருக்கு வரும்வரை அது பர்சிலேயே இருக்கும். வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில் இருக்கிற கடை, அல்லது ஏற்கெனவே போனில் வைத்திருக்கிற ஆப் என்றால் உடனே பயன்படும். புதிதாக ஓர் ஆப்பை இறக்கி, பதிவு செய்து, பாஸ்வேர்டு போட்டுத்தான் கார்டைப் பயன்படுத்த முடியும் என்றால் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள்.

8. மூன்று வகை உண்டு. வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள். ஒரே கடையில் மட்டும் செல்லுபடியாகும் கார்டு முதல் வகை. பல கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் கூட்டு வவுச்சர் இரண்டாவது. வங்கிகள் வெளியிடும், பெரும்பாலான கடைகளில் டெபிட் கார்டு போலத் தேய்க்கக்கூடிய பரிசு அட்டை மூன்றாவது. பிள்ளையின் விருப்பம் உறுதியாகத் தெரிந்தால் முதல் வகை. தெரியாவிட்டால் மூன்றாவது. வங்கி அட்டைக்குச் சில வங்கிகள் தனியாகக் கட்டணம் வாங்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது? வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வெளியிடும் பரிசு அட்டைகளுக்கு 2021-ல் தொகுத்து வெளியிட்ட விதிகள் உண்டு. அதன்படி ஓர் அட்டையில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் இருக்கலாம். தீர்ந்தபின் மறுபடி பணம் ஏற்ற முடியாது. ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்க முடியாது. குறைந்தது ஓராண்டாவது செல்லுபடியாக வேண்டும். ஒரு கடை தன் கடையில் மட்டும் பயன்படுத்தத் தரும் சொந்தக் கார்டுகள் இந்த விதிக்குள் வராது. அதனால் அவற்றில் செல்லுபடிக் காலம் குறைவாக இருக்கலாம். கடைக் கார்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தேதியைத்தான்.

10. இந்த ஐந்து கேள்விகளைக் கடையிலேயே கேளுங்கள்.
அ) கடைசித் தேதி என்ன?
ஆ) கடைக்குப் போய் வாங்க மட்டுமா, ஆன்லைனிலும் செல்லுமா?
இ) ஒரே தடவையில் முழுத்தொகைக்கும் வாங்க வேண்டுமா, மீதி கார்டிலேயே இருக்குமா?
ஈ) தள்ளுபடி விற்பனையின்போது ஏற்றுக்கொள்வார்களா?
உ) எல்லாக் கிளைகளிலும் செல்லுமா?
மூன்றாவது கேள்வி மிக முக்கியம். சில வவுச்சர்கள் ஒருமுறைதான் செல்லும். 2,000 ரூபாய் வவுச்சரில் 1,650 ரூபாய்க்கு வாங்கினால் மீதி 350 ரூபாய் போய்விடும். அப்படிப்பட்ட கடையில் ஒரே 2,000 வவுச்சருக்குப் பதிலாக நான்கு 500 ரூபாய் வவுச்சராக வாங்கினால் நஷ்டம் குறையும்.

11. நகைக்கடை கார்டா? கூடுதல் கவனம். தங்க நாணயத்துக்கும் செல்லுமா, நகைக்கு மட்டுமா என்று கேளுங்கள். நகை என்றால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து வரும். சின்னத் தொகைக்குக் கார்டு கொடுத்தால் பிள்ளை தன் கையிலிருந்து பெரிய தொகை போட்டால்தான் எதையாவது வாங்க முடியும். அப்போது பரிசு ஒரு செலவாகிவிடும். தங்கம்தான் கொடுக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், ஹால்மார்க் போட்ட சின்ன நாணயத்தை நீங்களே வாங்கி, பில்லோடு கையில் கொடுப்பது மேல்.

12. தொகையை முழுச்செலவுக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு பேர் சாப்பிட ஓட்டல் வவுச்சர் கொடுக்கிறீர்கள் என்றால், மெனுவில் உள்ள விலையோடு ஜி.எஸ்.டி.யும் சேரும். சாதாரண உணவகங்களில் அது 5 சதவீதம், பெரிய நட்சத்திர ஓட்டல்களில் பெரும்பாலும் 18 சதவீதம். பில் தொகையில் பாதிக்குத்தான் வவுச்சர் என்றால் கொடுத்தும் கொடுக்காத மாதிரி. பெரிய ஓட்டலில் அரைகுறையாகக் கொடுப்பதைவிடச் சின்ன ஓட்டலில் முழுச் சாப்பாட்டுக்கும் கொடுங்கள். ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று மொய் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், கார்டு உறைக்குள் ஒரு ரூபாய் நாணயத்தையும் மஞ்சள் தடவி வைத்துவிடுங்கள். பாட்டி உள்ள வீட்டில் அவருக்கும் மனநிறைவு.

13. சுரண்டும் பட்டையைப் பாருங்கள். அட்டையாக வாங்கினால், பின் நம்பரை மறைக்கும் வெள்ளிநிறப் பட்டையில் கீறல் இருக்கிறதா, உறை பிரித்து ஒட்டியதுபோல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். பில் போடும்போதுதான் கார்டு உயிர்பெறும். ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று கவுன்டரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கார்டை ஏற்க மறுத்தால் பில்தான் சாட்சி. சரியான பதில் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

14. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கார்டு எண்ணும் பின் நம்பரும் தெரிந்த யாரும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். "என் மகனுக்குத் தீபாவளிப் பரிசு" என்று குரூப்பில் படத்தோடு பகிர்ந்தால், அதில் இருக்கும் ஐம்பது பேருக்கும் அந்தப் பரிசைக் கொடுத்த மாதிரிதான். பிள்ளையின் தனி எண்ணுக்கோ மெயிலுக்கோ மட்டும் அனுப்புங்கள். மெயில் முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் வேறொருவருக்குப் போய்விடும் என்பதால் முகவரியை அவர்களிடமே கேட்டு வாங்கி, அப்படியே ஒட்டிவிடுங்கள். வந்ததும் கணக்கில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அமேசான் போன்ற தளங்களில் கணக்கில் சேர்த்துவிட்டால் மெயிலைத் தேடும் வேலை மிச்சம்.

15. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக் கார்டு. அமேசானின் இந்தியத் தளத்தில் வாங்கிய கார்டு அதன் அமெரிக்கத் தளத்தில் செல்லாது. எந்த நாட்டில் பிள்ளை இருக்கிறதோ அந்த நாட்டுத் தளத்திலேயே வாங்க வேண்டும். அதற்கு உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கி ஆப்பில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். அமெரிக்காவில் கடைக் கார்டுகளின் பணம் குறைந்தது 5 ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும் என்று 2010 முதல் விதி இருக்கிறது. ஆகவே அங்குள்ள பிள்ளைகளுக்குக் காலக்கெடு பெரிய கவலை இல்லை. பலகாரப் பொட்டலம் அனுப்பும் செலவைவிட, அங்குள்ள தமிழ் மளிகைக் கடையிலோ இட்லி, தோசை கிடைக்கும் உணவகத்திலோ கார்டு கிடைக்குமானால் அதுவே மேல்.

16. ஏமாற்றுக்காரர்களிடம் கவனம். "அம்மா, இது என் புது நம்பர். அவசரமா கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்புங்க" என்று செய்தி வந்தால் பழைய எண்ணில் கூப்பிட்டுப் பேசாமல் எதையும் செய்யாதீர்கள். மேலதிகாரி பேரில் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்திகள் வரும், சொல்லி வையுங்கள். எந்த அரசு அலுவலகமும், வங்கியும், மின்வாரியமும் கிஃப்ட் கார்டாகப் பணம் கேட்காது. பாதி விலைக்குக் கார்டு என்று டெலிகிராமில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அனுபவப் பரிசு தேர்ந்தெடுக்கும்போது

17. லீவு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஐ.டி. வேலை, மருத்துவமனை, காவல்துறை, வங்கி என்று ஒவ்வொரு வேலைக்கும் லீவு கணக்கு வேறு. தேதி குறித்த டிக்கெட்டை ஆச்சரியப் பரிசாகக் கொடுத்தால், லீவுக்காக மேலாளரிடம் கெஞ்சும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்ததாகிவிடும். தேதியை அவர்களே தேர்ந்தெடுக்கும் வவுச்சராக வாங்குங்கள். அல்லது பணத்தைத் தனியே வைத்துவிட்டு, "இந்தப் பயணம் என் செலவு, தேதியை நீ சொல்லு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேதி வந்ததும் நீங்களே பதிவு செய்துவிடலாம்.

18. பருவம் பார்த்துப் பரிசு. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிழக்குக் கடற்கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சியோ புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கோ கொடுக்க ஆசையென்றால் பொங்கலுக்குப் பின் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பறவை பார்க்கப் பிடித்தவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் சரியான இடம். ஊட்டி, கொடைக்கானலில் தங்கும் விடுதி வவுச்சர் கொடுத்தால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் அங்கே போகும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

19. ஊட்டி மலை ரயில்: பெரியவர்களுக்கும் அருமையான பரிசு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வரும். அதில் இன்ஜினின் பல்சக்கரம் பொருந்திப் பொருந்தி, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே குன்னூர் வரை ஏறும். முதல் பெட்டியில் உட்கார்ந்தால் முன்னால் இன்ஜின் இல்லாமல் காடும் பாலமும் குகையும் நேரே கண்ணில் படும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் இது. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும் என்பதால் சாப்பாடு, தண்ணீர், ஸ்வெட்டர் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கும். விடுமுறை நாட்களுக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் ரத்தாவது வழக்கம், ஆகவே ஜனவரிக்கு மேல் பதிவு செய்வது நல்லது. பதிவு செய்தபின் மகனால் போக முடியாவிட்டால், ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்து, உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி, பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம் என்ற ரயில்வே விதியும் உண்டு.

20. மார்கழிக் கச்சேரி, பொங்கல் நேரப் புத்தகக் காட்சி. சங்கீதம் பிடித்த பிள்ளைக்கு டிசம்பர் சீசன் டிக்கெட்டைவிட நல்ல பரிசு கிடையாது. ஆனால் வேலைக்குப் போகிறவரால் தினமும் சபாவுக்கு ஓட முடியாது. சீசன் முழுவதற்கும் வாங்காமல், அவர்களுக்குப் பிடித்த பாடகரின் சனி, ஞாயிறு மாலைக் கச்சேரிக்கு நல்ல இடத்தில் இரண்டு டிக்கெட் வாங்குங்கள். பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகள் இலவசம். அவற்றுக்குப் போனால் மிச்சமாகும் டிக்கெட் பணத்தை சபா கேன்டீன் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வாசிக்கிற பிள்ளைக்கு, பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு நாள் கூட்டிப்போய், "இந்தத் தொகைக்குள் நீ எடுப்பதெல்லாம் என் கணக்கு" என்று சொல்லுங்கள். அங்கே 10 சதவீதத் தள்ளுபடி வழக்கமாக உண்டு.

21. கற்றுக்கொள்ளும் பரிசு. கார் ஓட்டப் பழகும் ஆசை முப்பது வயதுக்கு மேலும் பல பெண்களுக்கு நிறைவேறாமலே இருக்கிறது. மகளுக்கோ மருமகளுக்கோ அந்த ஆசை இருந்தால், நல்ல டிரைவிங் ஸ்கூலில் முழுக்கட்டணத்தையும் நீங்கள் கட்டுங்கள். வாழ்நாள் முழுக்க உதவும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் மண்பாண்டம் போன்ற கைவினைகளைச் செய்து பார்க்கலாம். நீச்சல், வீணை, புகைப்படம் என்று அவரவர் ஆசைக்கு ஏற்ப வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டாமல் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். பிடித்தால் தொடரலாம்.

22. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள். ஓட்டல் வவுச்சரும் சினிமா டிக்கெட்டும் கொடுத்துவிட்டு, "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்ற கேள்வியை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். வவுச்சரோடு, "சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை குழந்தை எங்களோட" என்று உறுதியும் கொடுங்கள். அன்றைக்குப் பால் கொடுக்கும் நேரம், தூக்க நேரம், மருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வெளியே இருக்கும்போது அவசியம் இல்லாமல் போன் செய்யாதீர்கள். இந்தப் பட்டியலிலேயே செலவு குறைவான பரிசும் இதுதான், இளம் பெற்றோர் அதிகம் ஏங்குவதும் இதற்குத்தான்.

23. குடும்பமாகப் போவதும் பரிசுதான். குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போக வேண்டும் என்று பல வீடுகளில் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். வேன், தங்குமிடம், பூசாரிக்குச் சொல்வது, சமையல் ஏற்பாடு எல்லாம் உங்கள் பொறுப்பு, பிள்ளைகள் வந்து ஏறினால் போதும் என்று செய்துபாருங்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் தெருவும் குளமும் தெரியவரும். மதுரைப் பக்கம் போகிறவர்கள் 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தையும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

24. அரைகுறைப் பொட்டலம் வேண்டாம். விடுதி அறைக்கு மட்டும் வவுச்சர் கொடுத்தால் போக்குவரத்து, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் பிள்ளை தலையில் விழும். முழுச் செலவையும் ஏற்க முடியாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள். மூன்று நாள் பயணத்தில் பாதிச் செலவைத் தருவதைவிட ஒரு நாள் பயணத்துக்கு முழுச் செலவைத் தருவது நிம்மதி. பதிவு செய்யும் முன் ரத்து விதியைப் படியுங்கள். மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கூபா, பாராசூட் போன்ற சாகசங்களுக்கு உடல்நிலை நிபந்தனைகள் உண்டு. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவை ஏற்றவை அல்ல என்பதால் ஆச்சரியமாகக் கொடுக்காமல் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கொடுக்கும் விதம்

25. எழுதிக் கொடுங்கள், ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். போனில் வரும் எண்ணாக மட்டும் போய்ச் சேர்ந்தால் கார்டில் பரிசு என்ற உணர்வு இருக்காது. ஓர் உறையில் உங்கள் கையெழுத்தில் நான்கு வரி எழுதி, கார்டின் கடைசித் தேதியையும் கீழே குறித்துக் கொடுங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பு உங்கள் காலண்டரில் குறித்துவைத்து, "அந்தக் கார்டு அடுத்த மாசத்தோட முடியுது, பார்த்துக்கோ" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். என்ன வாங்கினாய், ஏன் அதை வாங்கினாய், எங்களுக்கு ஏன் போட்டோ அனுப்பவில்லை என்றெல்லாம் கேட்காதீர்கள். கார்டை மனைவிக்குக் கொடுத்தாலும், தோழிக்குக் கொடுத்தாலும், வீட்டுக்கு அரிசி வாங்கினாலும் அது அவர்கள் விருப்பம். கொடுத்தபின் அது அவர்களுடைய பணம்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு கொடுக்கிற பரிசுதான் அவர்களுக்குப் பிடிக்கும். அவர்களுடைய ருசியை மதித்து, நேரத்தை மதித்து, செலவையும் அலைச்சலையும் நாமே ஏற்றுக்கொண்டு கொடுத்தால், ஐநூறு ரூபாய்க் கார்டும் பெரிய பரிசாகத் தெரியும். ஆகவே வரும் பண்டிகைக்கு இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் போன் செய்து முதல் குறிப்பில் உள்ள மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் கடைக்குப் போங்கள்.